உலக முடிவுக்குப் போகும் பாதை

“ஐயா, இனிப் பட்டிப்பொல ஏத்தம். அவசரப்படாமல், ஒரே சீராய் மிதியுங்கோ. அம்மா, நீங்கள் பின்னாலை கவனமாய் இருங்கோ” என்று வழிகாட்டியின் குரல் முன்னாலிருந்து ஒலித்தது.

முத்துக்குமாரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். அறுபத்திரண்டு வயதை நிறைவு செய்த அவருடைய முழங்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் நொந்தன. பின்னால் அமர்ந்திருந்த மனைவி பராசக்தி, பனையோலை விசிறியால் அவருடைய முதுகுக்கு இடைவிடாது காற்று வீசினாள்.

“கொஞ்சம் கெதியாய் விசுக்கன். வேர்வை கண்ணுக்குள்ளை போகுது.”

“உரும்பிராயிலையிருந்து எங்கடை திருநெல்வேலிச் சந்தைக்கு மூண்டு வாழைக்குலை கட்டிக்கொண்டு மிதிச்ச கால் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவியள். இப்ப எங்கை அந்தக் கால்?”

“கால் இஞ்சைதான் கிடக்கு. மூச்சைத்தான் ஆரோ களவெடுத்துப் போட்டாங்கள்.”

பராசக்தி சிரிக்கவில்லை. உலக முடிவு எனப்படும் மலை விளிம்பை அடைந்ததும், வழிகாட்டி அவளுக்கென்றே ஒரு வசனம் சொல்வான். அதனைக் கேட்டு இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. இம்மாதத்தில் மட்டும் அவர்கள் மூன்று முறை புறப்பட்டிருந்தார்கள்; மூன்று முறையும் முத்துக்குமாருவின் மூச்சு பாதி வழியிலேயே தோற்றுப்போயிற்று.

“இண்டைக்கு எப்பிடியும் அங்கை கொண்டுபோய்ச் சேர்த்துப் போடுங்கோ” என்றாள் அவள்.

“குறுக்காலை போனால் என்னப்பா? நேரை உச்சிக்குப் போய், அந்த ஒரு கதையை மட்டும் கேட்டிட்டு விடுவம்” என்றார் முத்துக்குமாரு.

“வேண்டாம். அவன் கூட்டிக்கொண்டு போற வழியாலை, அவன் சொல்லுறதை ஒண்டும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் போகவேணும்.”

வழிகாட்டியும் அவளுடைய கட்சியையே சேர்ந்திருந்தான்.

“தேயிலைக்குள்ளாலை குறுக்கு வழி எடுக்கிறேல்லை, ஐயா. அது இந்தச் சனத்தின்ரை சோறு. படம் எடுக்கிறதெண்டால், கொழுந்து பறிக்கிற அக்காமாரிட்டைக் கேட்டிட்டு எடுங்கோ. சாப்பிட்ட கடதாசியைத் தெருவிலை எறியாமல் மடிச்சு வைச்சிருங்கோ. வெள்ளைக்காரருக்கும் நான் இதைத்தான் சொல்லுறனான்.”

“படம் எடுக்க எங்களிட்டைக் கமரா கிடக்கோ?” என்று முத்துக்குமாரு முணுமுணுத்தார்.

“தாகமெண்டால் இந்தத் தோட்டத்துச் சனம் இருக்கிற லயத்தடிக் கடையிலை பிளேன்ரீ குடியுங்கோ. நாங்கள் வந்துபோறதாலை அவைக்கும் ஒரு நன்மை இருக்கட்டும்” என்று குரல் தொடர்ந்தது.

“பிளேன்ரீயாம்! சீனியைக் கண்டு எத்தினை மாசம்?”

“பனங்கட்டியைக் கடிச்சுக் குடிக்கலாம். கதையாமல் மிதியுங்கோ.”

எனினும் கால்கள் தளர்ந்தன. அவருடைய மிதி தளர்ந்த அளவுக்கு வழிகாட்டியின் பேச்சும் தளர்ந்து, தடித்து, இழுபட்டது. பராசக்தி விசிறிக் காம்பால் கணவரின் தோளைத் தட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் அழுத்தவே, குரலும் பழைய உற்சாகத்தைப் பெற்றது.

“இனி மரமெல்லாம் கட்டை. குளிரும் கூட. அம்மா, சீலைத் தலைப்பாலை தலையை மூடுங்கோ.”

பராசக்தி மறுபேச்சின்றித் தலைப்பை இழுத்துத் தலையைப் போர்த்துக்கொண்டாள்.

“வந்திட்டம்! இதுதான் உலக முடிவு. எட்டிப் பாருங்கோ, முகில் எங்களுக்குக் கீழை நிக்குது. அம்மா, இனி உங்களுக்கு ஒரு…”

அக்கணத்தில் முத்துக்குமாருவின் வலக்கால் மிதியிலிருந்து வழுவியது. அவர் நெஞ்சைப் பிடித்தவாறு சைக்கிளிலிருந்து சரிந்து இறங்கி, நிலத்தில் அமர்ந்துவிட்டார். வழிகாட்டியின் குரல் ஒரு முனகலாகக் குறைந்து, நின்றுபோயிற்று.

“ஏலாதப்பா… என்னாலை இனி ஏலாது.”

பராசக்தி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவருடைய நெஞ்சைத் தடவி, மூச்சுச் சீராகும்வரை பொறுத்திருந்தாள். பின்பு, தன் ஆயுளில் ஒருநாளும் சைக்கிள் ஏறியறியாத அவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“தள்ளி இருங்கோ. மிச்சத்தை நான் மிதிக்கிறன்.”

“விழுந்து கிழுந்து போடாதை!”

விழுவதற்கு வழியில்லை. சைக்கிள் அவர்களுடைய வீட்டு விறாந்தையில், ஸ்ராண்டில் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பின்சில்லில் உராய்ந்த டைனமோவிலிருந்து புறப்பட்ட வயர், முன்னால் முக்காலியின்மீது இருந்த ரேப் ரெக்கோடரைச் சென்றடைந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, பற்றரிகளும் கிடைப்பதில்லை.

அதற்குள் இருந்தது, அவர்கள் இருவரையும் சைக்கிளில் கூட்டிப்போவதாகப் பாவித்துப் பேசிப் பதிந்த ஒலிநாடா. அது, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடியில் தமிழரைத் தாக்கிய கலவரத்துக்கு இரண்டு கிழமைகள் இருக்கையில், நுவரெலியாவிலிருந்து தபாலில் வந்தது. அதன் பின்னர் அங்கிருந்து ஒரு கடிதமேனும் வந்ததில்லை.

பராசக்தி மிதித்தாள். சில்லு தயங்கிச் சுழன்றது, டைனமோ இரைந்தது, இழுபட்டுக் கிடந்த குரல் மெல்ல மெல்ல நேரானது.

“எணை அம்மா, ஆடிப்பிறப்புக்கு லீவு தரமாட்டினமாம், அதுக்கு அடுத்த கிழமை கட்டாயம் வீட்டை வாறன், எனக்கும் கொழுக்கட்டை எடுத்து வையணை.”