பட்டைகளுக்கு நடுவில்

திரையில் மறுபடியும் இரண்டு புள்ளிகள் ஒட்டி ஒட்டி விழுந்தன.

சமரீன் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவில் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தாள். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள். ஒரே கணம்.

வந்து விழுந்தது இரண்டா, ஒன்றா? அதுதான் கண்ணுங்களா, அவளுக்குப் புரியவில்லை.

கூடத்தில் ஆம்பூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "சத்தம் மட்டும் வரக் கூடாதும்மா" என்று சொல்லி, அம்மா உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள்.

சமரீன் மைக்கை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போனோடு லேப்டாப் முன்னால் இருந்தாள்.

சோதனை நடப்பது இங்கே இல்லை. வடக்கே எங்கேயோ, ரயிலில் போனால் இரண்டு நாள் ஆகும் ஊரில், முடுக்கி என்று ஒரு பெரிய எந்திரம். கூட ஆராய்ச்சி செய்கிற பிரபாகர் அங்கே நிற்கிறான். அங்கே விழுவதெல்லாம் இங்கே, அதியமான்கோட்டையில் டயர் கடை வைத்திருக்கும் அவள் அப்பா ஜமீர் பாயின் வீட்டில் தெரிகிறது. காலம் அப்படி ஆகிவிட்டது.

அந்த எந்திரம் லித்தியத்தின் அணுக்கருவை வேகமாக வீசி, மெல்லிய ஈயத் தகட்டில் மோதவிடும்.

லித்தியத்தின் கரு இறுக்கிக் கட்டின மூட்டை இல்லை. ஈயத்தின் கிட்டே போனாலே சிலது இரண்டு துண்டாய் உடைந்துவிடும். சிலது உடையாமல் முழுசாய்த் தெறித்து வரும். எது உடைகிறது, எப்படி உடைகிறது என்பதுதான் சமரீனின் மூன்று வருஷத்துப் பாடு.

தெறித்து வருவதைப் பிடிக்க ஒரு சிலிக்கான் தகடு வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலம். கோடு போட்ட துணி மாதிரி பட்டை பட்டையாகப் பிரித்தது. தன்மேல் ஒன்று விழுந்தால், எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்று அந்தந்தப் பட்டை தனித்தனியாகச் சொல்லும்.

அங்கேதான் வம்பு.

இரண்டு தோப்புக்கு நடுவேலியில் ஒரு மாம்பழம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த வேகத்தில் பிளந்து பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். இரண்டு தோப்புக்காரரும் 'எங்க பக்கம் விழுந்தது' என்றால் பழம் இரண்டாகிவிடுமா?

உடையாத ஒரே கரு இரண்டு பட்டைக்கும் நடுவில் விழுந்தாலும், இரண்டு பட்டையும் சொல்லும். நிஜமாகவே உடைந்து இரண்டாக வந்தாலும், இரண்டு பட்டையும் சொல்லும்.

ஹெட்போனில் பிரபாகர் கேட்டான். "என்னங்க சமரீன், தூங்கிட்டீங்களா? ரெண்டா ஒண்ணா, சீக்கிரம் சொல்லுங்க. அடுத்த டீம்காரன் வந்து என் சேர்லயே உக்காந்துட்டான்."

ஒன்று என்றால் எதுவும் உடையவில்லை என்று ஆகும். எந்திரத்தை அடுத்தவரிடம் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். மறுபடி முறை வருவதற்குள் அவளுக்குக் கொடுத்த காலம் முடிந்துபோகும். மூன்று வருஷமும் வீண்.

'இருங்க' என்று தட்டி அனுப்பினாள்.

இரண்டு பட்டை சொன்னதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரே கரு என்றால் கூட்டினால் முழுசும் வந்துவிடும். உடைந்தது என்றால் கொஞ்சம் குறையும். உடைவதற்கே ஒரு செலவு இருக்கிறதே.

கூட்டினாள். சிலது முழுசு. சிலது குறைச்சல். இது என்ன கூத்து?

கூடத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா, ரோஸ்மில்க்கில் இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்டுவிட்டு, தனக்குச் சுகர் இருக்கிறது என்றும் சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சமரீனுக்குக் கணக்கு விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து.

நடுவில் விழுந்ததே ஒழுகிக் குறைந்திருக்குமோ? அப்படியானால் குறைச்சல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்குமே. மொத்தத்தையும் ஒரே படமாகப் போட்டுப் பார்த்தாள்.

இரண்டு மேடு எழும்பியது. ஒன்று முழுசில். இன்னொன்று கொஞ்சம் தள்ளி. அந்தத் தள்ளல் எதிலும் மாறவில்லை. லித்தியம் உடைய என்ன செலவோ, அதே அளவு.

அவளுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஆசைப்படுகிறதால் அப்படித் தெரிகிறதோ என்று கண்ணைக் கசக்கினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் குரல். "ஆமா பாய், உங்களுக்கு எத்தனை பொண்ணுங்க?"



"ஒண்ணுதாங்க" என்றார் ஜமீர் பாய். "ஒரே பொண்ணு."

சமரீனின் விரல் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றது. பாதி தட்டியிருந்த பதிலை அழித்தாள். மைக்கைப் போட்டாள்.

"ரெண்டுங்க பிரபாகர். ஒண்ணு இல்ல, ரெண்டு. ஓட்டுங்க."

எப்போதும் பேசுகிற குரல்தான். வீடுதான் சின்னது.

அங்கே பிரபாகர் யாரையோ எழுந்திருக்கச் சொல்வது காதில் கேட்டது.

"உள்ள யாருங்க பேசறது?" என்று கேட்டாள் பெரியம்மா.

ஜமீர் பாய் இருமினார். அம்மா, "டிவிங்க" என்றாள்.

வந்தவர்களுக்கு எதிரே, புதுச் சுடிதாரும் தலை நிறையப் பூவுமாகக் குனிந்து உட்கார்ந்திருந்த அன்ஜும் நிமிர்ந்தாள்.

"டிவி இல்லீங்க. எங்க அக்கா. கட்டிக் குடுத்த வூட்ல இருந்து போன வருஷம் திரும்பி வந்துடுச்சு. இனி எங்ககூடத்தான் இருக்கும்."