கெட்டி ஓடு

விடிந்து வெகுநேரமாகியும் கிழட்டுச் செவலைக்கோழி கூண்டுக் கம்பைவிட்டு இறங்கவில்லை. தரை இரண்டு முழம்தான். அவளுக்கோ அது கிணறுபோல ஆழமாகத் தெரிந்தது. முந்தாநாள் இதே கம்பிலிருந்து குதித்த அவள் தங்கைக்குக் கால் முருங்கைக்குச்சி மாதிரி மளுக்கென்று முறிந்திருந்தது.

"குதிச்சு வாம்மா!" என்றாள் கீழே நின்ற மகள்.

"பயமா இருக்குடி. எலும்புக்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல."

மகள் சிரித்தபடி, தான் அன்று இட்ட முட்டையை அலகால் தட்டினாள். டொக்கென்றது.

"ஓட்டைப் பாரும்மா, எலும்பு மாதிரி எவ்வளவு கெட்டி! உன்னை மாதிரியே நானும் தினம் ஒண்ணு போடுறேன்."

செவலை முட்டையைப் பார்த்தாள். தன் எலும்பில் இருந்ததெல்லாம் எங்கே போனதென்று இப்போது தெரிந்தது. பிறகு மகளின் கால்களைப் பார்த்தாள். மகளை நினைத்த பயத்தில், தான் விழுந்துவிடுவோம் என்ற பயமே அவளுக்கு மறந்துபோனது.