சுவரோரத்து ஈரம்

ரஜாயின் ஒரு மூலையை மருமகள் அமுக்க, மறுமூலையை மாமா தள்ள, இருவருமாகச் சேர்ந்து அதை லாண்டிரியின் பெரிய மெஷினுக்குள் திணித்தார்கள்.

இரட்டைக் கட்டிலுக்கான கனத்த பஞ்சுப் போர்வை அந்த ரஜாய். வீட்டு மெஷினில் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். ஈரம் ஏறிய கனத்தில் அது ஆடிய ஆட்டம் தாங்காமல், மெஷினே குளியலறை வாசல் வரை நகர்ந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து இங்கேதான்.

கணவன் வேலைக்குக் கிளம்பிய மறுநிமிடம் மாமாவின் கட்டிலிலிருந்து உருவி, பெரிய பையில் அடைத்து, தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பாள். பார்க்கிறவர்களுக்குச் சொந்த வீட்டிலேயே கன்னம் வைத்தவள் மாதிரி இருக்கும். அவன் திரும்புவதற்குள் துவைத்து, உலர்த்தி, பழையபடி விரித்துவிடுவாள்.

அவனுக்குத் தெரியக்கூடாது. முதல் தடவை படுக்கை நனைந்திருந்ததைப் பார்த்தபோதே, இன்னொரு முறை இப்படி நடந்தால் அப்பாவை முதியோர் ஹோமில் சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிற ஆள்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாளும் அவளைக் கடிந்து பேசாத மனிதர். அதனால் அவரிடமும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. கேட்டால் கூனிக் குறுகிப் போவார்.

ஒன்றுதான் அவளுக்கு இடித்தது. ஈரம் எப்போதும் சுவரோரமாக, சின்னதாக இருக்கும். மாமாவோ கட்டிலின் இந்தப் பக்கம், எங்கே உருண்டு விழுந்துவிடுவாரோ என்று பயப்படும்படி ஒண்டிப் படுத்திருப்பார். உடுத்தியிருக்கும் துணியும் காய்ந்தே இருக்கும். விடியுமுன் எழுந்து மாற்றிக்கொள்கிறாராக்கும் என்று நினைத்து, அதற்குமேல் துருவாமல் விட்டுவிட்டாள்.

இன்றைக்கு அவராகவே செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்துவிட்டார்.

மெஷின் சுற்றத் தொடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ரஜாய் நுரையோடு புரண்டது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமா தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார், முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவனைத் திட்டிடாதேம்மா. ராத்திரி தண்ணி கேட்டான், நான்தான் குடுத்தேன்."

"யாரு மாமா?"

அந்த வீட்டில் இருப்பதே மூன்று பேர்தான். அவள், அவன், மாமா.

மாமா அவளைச் செல்லமாக முறைத்தார். "நீயும் அவனை மாதிரியே விளையாடுறியே. பேரைக் கேட்டா இன்னும் வைக்கலைங்கிறான். நாலு வயசுப் பிள்ளைக்குப் பேர் வைக்காம என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?"



வயதானவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொள்ளலாம். கணவனும் அதைத்தான் சொல்வான். நாளைக்கே ஹோமுக்கு அழைத்துப் போவான்.

ஆனால் ஒரு காலத்தில் அவளும் கணவனும் ஒரு சந்தோஷத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். மூன்று மாதம் தாண்டட்டும், பிறகு எல்லோரிடமும் சொல்லலாம் என்று இருந்தார்கள். தாண்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாமா அப்போது பெரிய மகன் வீட்டில் இருந்தார். அவருக்குத் தெரிய வழியே இல்லை.

பிறந்திருந்தால் இப்போது நாலு வயது.

மெஷின் முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. அவள் பையைக்கூட எடுக்காமல் எழுந்து, மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாம ரெண்டு பேரும் இங்க வந்துட்டோமே மாமா. அவன் வீட்ல தனியாவா இருக்கான்?"