இருபது வெள்ளைக் கோட்டுகள்

"இதுக்குப் பேர் வெள்ளையா? இதைப் போட்டுக்கிட்டு டாக்டர் வார்டுக்குப் போனா, நோயாளி எழுந்து அவருக்கு மருந்து கொடுப்பான்!"

மேற்பார்வை அக்கா கோட்டைத் தொட்டிக்குள் விட்டெறிந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பதினெட்டு வருஷம். அவள் பார்த்துத் தலையசைக்காமல் ஒரு துணி மாடி ஏறாது. முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் 'கழுகு' என்று பேர்.

துவைக்கிறவள் வந்து நாலு மாசம்தான் ஆகிறது. எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அவளை 'நுரை' என்பார்கள். இப்போது சிரிக்கவில்லை.

"மூணு தடவை போட்டாச்சுக்கா."

"அப்பவும் பழுப்பு போகலையே! சோப்பு போடறியா, இல்ல தண்ணியைக் காட்டிட்டு எடுக்கறியா? சொட்டு நீலத்தைக் கூட்டு."

நுரை கோட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். நீலம் கூட்டினாள். போதாது என்றாள் அக்கா. இன்னும் கூட்டினாள்.

"ம்... இப்பத்தான் வெள்ளை!"

அன்று மாலையே இருபது கோட்டும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. மேலே ஒரு சீட்டு: 'நாங்கள் டாக்டர்கள். வானம் இல்லை.'

அக்கா ஒரு கோட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். பால் மாதிரி இருந்தது. இதில் வானம் எங்கே இருக்கிறது?

"நீங்க சொல்லுங்க, இது என்ன நிறம்?" என்று இஸ்திரி போடுகிறவரைக் கேட்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதுதாங்க" என்று அவர் குனிந்த தலை நிமிராமல் தேய்க்க ஆரம்பித்தார்.

டாக்டர்கள் விளையாடுகிறார்களா? துணி மாறிவிட்டதா? வெளுப்பது கறுப்பாகி, கறுப்பது வெளுப்பாகும் காலமா இது? ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் ஏற்றிவைக்க ஒரு தலை வேண்டுமே. நுரையின் தலை கிடைத்தது. 'வேலையைக் கெடுக்கிறாள், ஆளை மாற்றுங்கள்' என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நாலு மாசத்து ஆளை அனுப்ப ஒரு காகிதம் போதும்.

மறுநாள் காலையில் நுரை வந்து நின்றாள்.

"அக்கா, எனக்குக் கண்ணு மங்கலாத் தெரியுது. மாடியில கண் டாக்டர்கிட்ட காட்டணும். தனியாப் போகப் பயமா இருக்கு. துணைக்கு வரீங்களா?"

அட, இதுதானா சங்கதி! அக்காவுக்குக் கோபம் பாதி வடிந்துவிட்டது. காகிதம் கொடுத்தது மட்டும் உறுத்தியது. படியேறும்போதே பாடம் ஆரம்பமாகிவிட்டது.

"கண்ணைக் கவனிக்கணும்டி. தினம் காரட் சாறு குடி, கீரை சாப்பிடு. என்னைப் பாரு, ஆறு வருஷமா ஒருநாள் விட்டதில்லை. ஐம்பத்தேழு வயசு. கண்ணு கத்தி!"

"படி இருக்குக்கா... பார்த்து." நுரை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே, எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் நுரை கடகடவென்று படித்தாள்.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்லையே!" என்றார் கண் டாக்டர். "துணைக்கு வந்தவங்க உட்காருங்க. ஐம்பது தாண்டினா எல்லாருமே பார்த்துக்கணும்."

அக்கா நாலாவது வரியில் நின்றுவிட்டாள். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, காத்திருக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கும்மா. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்க்கற மாதிரி இருக்கும். வெள்ளை பழுப்பாத் தெரியும். லேசான நீலம் தெரியவே தெரியாது."

"எனக்கா? நான் மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டுத் தினம் காரட் சாறு குடிக்கறேனே டாக்டர்!"

"அந்த மூணு ஸ்பூனை முதல்ல விடுங்க. ரத்தத்துல சர்க்கரை ஏறினா புரையும் சீக்கிரம் முத்தும். காரட், கீரை, பழம் எல்லாம் நல்லதுதான், சாப்பிடுங்க. வெயில்ல கறுப்புக் கண்ணாடி போடுங்க. இதெல்லாம் வரப்போறதைக் கொஞ்சம் தள்ளிப்போட உதவலாம். வந்துட்ட புரையை எந்தச் சாறும் கரைக்காது. சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீங்க."

அக்கா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்படியானால் எது என்ன நிறம்? எதிரே இருக்கும் சுவர்? தான் உடுத்தியிருப்பது? இத்தனை மாசமாகத் தான் திருப்பி அனுப்பிய துணிகள்? யோசிக்க யோசிக்க எல்லாம் ஒன்றோடொன்று கலந்தது. கலங்காமல் நின்றது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

"நீ கீழே போ. நான் வரேன்" என்று நுரையை அனுப்பிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். வாசலில் கால் தயங்கியது. உண்மையைச் சொன்னால் தன் நாற்காலி போய்விடும். கண் தெரியாத கழுகை யார் வைத்துக்கொள்வார்கள்?

கதவைத் தள்ளினாள்.

"சார், என் புகாரைத் திருப்பிக் கொடுத்துடுங்க. தப்பு அவ துவைச்சதுல இல்ல, என் கண்ணுல. புரையாம்."

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"தெரியும்மா. லீவு போட்டு ஆபரேஷனை முடிச்சிட்டு வாங்க, உங்க இடம் அப்படியே இருக்கும். நேத்து கோட்டைத் திருப்பி அனுப்பும்போதே, 'துணியைப் பார்க்கறவங்களுக்குப் பார்வை சரியில்ல, ஆளை மாத்துங்க'ன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. உங்க காகிதத்தைப் பத்தி விசாரிக்கக் கூப்பிட்டப்ப அந்தப் பொண்ணுதான் இங்க வந்து அழுதுச்சு. 'ரெண்டு நாள் பொறுங்க சார், எனக்குக் கண் சரியில்லைன்னு சொல்லி அக்காவை நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் தப்பு என்னோடதாவே இருக்கட்டும்'னு."