ஏழாம் எண் ரத்தம்

கணினித் திரையின் வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நின்றது. ஏழாம் எண்.

பேராசிரியர் அதைப் பேனாவால் தட்டினார்.

"இதைத் தூக்கு. என் பேரு வர்ற ரிசர்ச் பேப்பர்ல இந்தக் குப்பை வேண்டாம்."

அவள் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். பேசினால் கத்துவார். பேசாவிட்டாலும் கத்துவார். நான்கு வருடப் பழக்கம்.

அவளுடைய கண்ணாடிச் சில்லில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அகலம். ரத்தத்தின் வெள்ளையணுக்களை அதற்குள் தள்ளுவதுதான் அவள் வேலை. நல்ல உடம்பின் அணு நெளிந்து போய்விடும். வீக்கம் தரும் அழற்சி பிடித்த உடம்பின் அணு விறைத்துக்கொண்டு அடைத்து நிற்கும்.

எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளப்பாள்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தமும் வேண்டும். வாரம் ஒரு முறை ஆய்வகத்துக்காரர்களே கை நீட்டுவது வழக்கம். குழாயில் பெயர் இருக்காது. எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவளிடம் இருந்தது, வேறு யாரிடமும் இல்லை.

ஏழாம் எண் அடைத்து நின்றது. நோயாளிகளின் ரத்தத்தைவிட மோசமாக.

மூன்று வாரம் பார்த்தாள். மூன்று முறையும் புதுச் சில்லு. மாறவே இல்லை.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார். அவங்களை ஒரு டாக்டர்கிட்ட..."

"ஃபிசிக்ஸ் படிச்சிட்டு வந்தவ நீ. எனக்கே ரத்தத்தைப் பத்திப் பாடம் எடுக்கறியா? உன் கை சரியில்ல. அவ்வளவுதான்."

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் படிவம் எட்டு மாதமாக இவர் கையெழுத்துக்குக் கிடக்கிறது. கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு. அவள் அப்பா இறந்த நான்காம் நாள் போன் செய்து, எப்போது வருகிறாய் என்று கேட்ட மனிதர்.

இருந்தும் ஒரு முறை கேட்டாள்.

"யாருன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா சார்?"

"யாரா இருந்தா எனக்கென்ன? அதைத் தூக்கிட்டு உன் ஃபார்மை எடுத்துட்டு வா. இப்பவே போட்டுத் தரேன்."

பட்டியலில் ஏழுக்கு நேராக இருந்தது அவர் பெயர்.

சொல்ல இரண்டு வார்த்தை போதும்.

அவள் விசையை அழுத்தினாள். புள்ளி போய்விட்டது.

"இப்பதான் பார்க்கற மாதிரி இருக்கு" என்றார்.

படிவத்தை அவர் முன் வைத்தாள். அவர் பேனா மூடியைத் திருகினார். வரவில்லை. விரல் முட்டிகள் சிவந்து வீங்கியிருந்தன. இன்னொரு முறை திருகி, பல்லைக் கடித்தார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார்.

அவள் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.