ஜரிகை அறுத்த சங்கிலி

"நாய்க்கு ஷாம்பு போடுறாரு பாரு! கட்டின பொண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கியாந்தது இல்ல!" என்று அம்மா கத்தினாள்.

அப்பா அதைக் காதில் வாங்காமல் என் காதில் தண்ணீர் ஊற்றினார்.

நாய் ஷோவாம். தாமலில், ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில். அதற்குத்தான் இந்த அமர்க்களம்.

என் பேர் ஜரிகை. முதுகில் பொன்னிறமாக ஒரு கோடு ஓடும். குளக்கரையில் குட்டியாகக் கிடந்த என்னைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்து பேர் வைத்தவள் இந்த வீட்டுப் பெண் சிம்ரன். அவளைப் பார்த்து நானும் இவர்களை அப்பா, அம்மா என்றே வைத்துக்கொண்டேன். அப்பா முனிரத்தினம் ஆட்டோ ஓட்டுகிறார்.

சிம்ரன் இப்போது வீட்டில் இல்லை. போன வருஷம் பாலாஜி என்கிற பையனை யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"அவ பேர இந்த வூட்ல யாரும் எடுக்கக் கூடாது. அவ இருக்கிற பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!" என்று தெருவே கேட்கச் சொன்னார் அப்பா.

அம்மா எடுப்பதில்லை. நான் எடுப்பேன். சாயங்காலம் சிம்ரன் வேலையிலிருந்து திரும்பிவந்த நேரத்துக்கு வாசலில் உட்கார்ந்து கொஞ்சம் ஊளையிடுவேன்.

"கம்முனு கெட, சனியனே" என்பார் அப்பா. கல்நெஞ்சுக்காரர்.

"போன மாசம் நம்ம ஊர்லயே ஷோ நடந்துது. எட்டிக்கூடப் பார்க்கல. இப்ப எதுக்குத் தாமலுக்குப் போவணும்?" என்று அம்மா விடாமல் கேட்டாள்.

"இங்க பெரிய பெரிய நாயா வருதும்மா. அங்க போட்டி கம்மி. கப்பு நமக்குதான்."

"தெரு நாய்க்குக் கப்பாம்!"

இப்படிச் சொன்னவள், கிளம்பும்போது ஒரு டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து ஆட்டோவில் வைத்தாள். "நாய்க்கு. வழியில பசிக்கும்."

மூடியிருந்தால் என் மூக்குக்குத் தெரியாதா? மிளகு, சுக்கு, நெய். எங்கள் காஞ்சிபுரத்துக் கோவில் இட்லி! சுக்கு என்றால் நான் தும்முவேன் என்று அம்மாவுக்குத் தெரியும். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன்.

மைதானத்தில் என் இனத்தார் வரிசையாக நின்றார்கள். ஒரு பொமரேனியனுக்குத் தலையில் ரிப்பன். ஒரு ராஜபாளையம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. ஒரு பக் நாய்க்கு மூக்கே முகத்துக்குள் போய்விட்டது. பாவம், யாரையாவது தேட வேண்டும் என்றால் என்ன செய்யும்?

நடுவர் என் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இந்த அளவுக்குப் போக மாட்டார்கள். ஒரு வருஷமாக ஒருத்திக்காக வாசலில் காத்திருக்கிறேனே, அதற்கு மார்க் உண்டா என்றால் இல்லை.

"என்ன பிரீட்?"

"காஞ்சிபுரம் சார். ஒரிஜினல்" என்றார் அப்பா.

கூட்டம் சிரித்தது.

"நான் சொல்ற வரைக்கும் நாய் அசையக் கூடாது. வட்டத்தை விட்டு வெளிய போனா அவுட்."

சிலையாக உட்கார்ந்தேன். கப்பு வாங்கினால் போட்டோ எடுப்பார்கள். அதை எங்கிருந்தாவது சிம்ரன் பார்ப்பாள் என்று எனக்கு ஒரு நப்பாசை.

அப்போதுதான் காற்று திரும்பியது. தேங்காய் எண்ணெய், மரிக்கொழுந்து, அதற்கடியில் அவள் வாசனை!

கப்பாவது மண்ணாவது! ஒரே பாய்ச்சல். சங்கிலி அறுந்தது. என் பலத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

கூட்டத்தில் சிம்ரன் நின்றிருந்தாள். பக்கத்தில் பாலாஜி. தாமல் அவன் ஊர் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"ஜரிகை! டேய், ஜரிகை!" இடுப்பில் கை வைத்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். முகம் முழுக்க நக்கினேன். உப்புக் கரித்தது.

"அவுட்!" என்றது மைக்.

அப்பா வந்தார். சிம்ரன் தலையைக் குனிந்துகொண்டாள். பாலாஜி ஓரடி பின்னால் போனான்.

அப்பா அவர்களைப் பார்க்கவேயில்லை. என்னிடம்தான் கத்தினார். "சனியனே! மானத்த வாங்கிட்டியே! உன்னப் புடிக்கத்தான் இங்க வந்தேன். வேற யாரையும் பார்க்க வரல!"

டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தார். நான் தும்மினேன்.

"இது துன்னாது. வேற யார்னா துன்னட்டும். வீணாப் போவுது" என்று ஏரியைப் பார்த்துச் சொன்னார்.

சிம்ரன் அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஒரு துணுக்கு மிச்சமில்லை. அதுவரைக்கும் அப்பா என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"உடம்பப் பார்த்துக்கடா. வெயில்ல அலையாத. நேரத்துக்குத் துன்னு" என்றார் என்னிடம். என்னிடம் அவர் இவ்வளவு அன்பாகப் பேசியதே இல்லை.

"கப்பு எங்க?" என்றாள் அம்மா, வீட்டுக்குள் நுழைந்ததும்.

"எங்க கப்பு? சங்கிலிய அறுத்துக்கினு ஓடிட்டான். புடிக்கறதுக்குள்ள உசுரு போயிடுச்சு."

அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தாள். காலி. பிறகு சங்கிலியை வாங்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை. கொக்கியும் வளையவில்லை. யாரோ விரலால் அழுத்திக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். என் பலம் அவ்வளவுதான்.

அம்மா அதை ஆணியில் மாட்டினாள்.

"நாய் எப்படி இருக்குது?" என்றாள். நான் அவள் காலடியில்தான் நின்றிருந்தேன்.

"கொஞ்சம் இளைச்சிருக்குது" என்றார் அப்பா. "மாசமா இருக்குது, ரேணுகா."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த ஷோ எப்போங்க?"

நான் ஆண் நாய். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.