நான்கு நிமிடம்

ஐந்தாவது ஊரடங்கில் கம்பெனி எல்லார் வீட்டுக்கும் ஒரு நாற்காலி அனுப்பியது. வேலை நேரத்தில் எழுந்தால் அது உடனே அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். மூன்று முறை எழுந்தால் வேலை போய்விடும்.

ரோஸ்லின் இரண்டு முறை எழுந்திருந்தாள். இரண்டும் அப்பாவுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுவதற்காக.

"நாலு நிமிஷம்தான் சார்," என்று மேனேஜர் சந்தானகோபாலிடம் கெஞ்சினாள்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. உன் வேலைக்கு வெளியில ஆயிரம் பேர் நிக்கிறாங்க."

அடுத்த முறை அப்பா உள்ளறையிலிருந்து கூப்பிட்டபோது அவள் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவது நின்றுவிட்டது.

அதன்பிறகு ஒரு வருடம் அவள் எழவே இல்லை. பொறுப்பான பெண் என்று சந்தானகோபாலே சிபாரிசு செய்து, அவளை நாற்காலிகளைக் கண்காணிக்கும் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். எழுந்தவர்களை மன்னிக்கும் அதிகாரம் இப்போது அவள் கையில் இருந்தது. அவளும் எல்லாரையும் மன்னித்தாள். பாலுக்கு அழுத குழந்தை, கதவைத் தட்டிய கேஸ்காரர், எந்தக் காரணம் என்றாலும் சரி. ஒரே ஒருவருக்காக மட்டும் காத்திருந்தாள்.

இன்று காலை அவர் அழைத்தார். ஏற்கெனவே இரண்டு முறை எழுந்திருந்தார்.

"ரோஸ்லின், என் வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்குதும்மா. சிலிண்டர் மாத்தணும். நாலே நிமிஷம். நீ ஒரு பட்டனை அழுத்தினா போதும்."

அவருக்குப் பின்னால் ஒரு குரல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"முதல்ல ஒழுங்கா உக்காருங்க சார்," என்றாள் ரோஸ்லின். "நீங்க பாதி எழுந்துட்டதா இங்க காட்டுது."